கடைசி ரேடியேட்டர் மட்டும் சூடேறவில்லை: பம்பை மாற்றுவதா, வால்வைத் திருகுவதா, கசடை அலசுவதா?

வீட்டைச் சூடாக்க, பாய்லரில் சுட்ட நீரைப் பம்ப் குழாய் வழியே ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் சுற்றவிடும் அமைப்பைப் பற்றிய பேச்சு இது. பாய்லர் எரிகிறது, பம்ப் ஓடுகிறது. பாய்லருக்குப் பக்கத்து அறையில் இருக்கும் ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை. கோடி அறையில் இருப்பதோ வெதுவெதுப்பைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "பம்ப் போயிருக்கும்." அந்த மொத்த அமைப்பிலும் எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும் பொருள் அது ஒன்றுதான் என்பதால் பழி அதன் மேல் விழுகிறது.

ஆனால் பம்ப் உண்மையிலேயே நின்றுபோனால் கிட்டத்தட்ட எல்லா ரேடியேட்டரும் சேர்ந்தேதான் ஆறும். சில கொதித்து, சில குளிர்ந்து கிடந்தால் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பங்கீடு சரியில்லை என்று அர்த்தம். ஆற்றில் நீர் வந்தும் கடைமடைக்குப் போய்ச் சேராத கதைதான். தலைமடையில் இருப்பவர் மதகைக் கொஞ்சம் இறக்கினால் தீரும் விஷயத்துக்குப் புது அணை கட்டத் தேவையில்லை.

கையில் இருக்கும் வழிகள் இவை: காற்றை வெளியேற்றுவது, பம்பின் வேகத்தைக் கூட்டுவது, வால்வுகளைச் சமன் செய்வது, உள்ளே படிந்த கசடை அலசுவது, பம்பைப் பழுது பார்ப்பது, கடைசியாகப் புதுப் பம்ப் வாங்குவது. காசு போகாததும், சரிப்படாவிட்டால் பழையபடி திருப்பி வைத்துவிடக் கூடியதும் முதலில் வர வேண்டும். அந்தக் கணக்கில் புதுப் பம்புக்குக் கடைசி இடம்தான்.

முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்

வீடு முழுக்க ஆறியிருக்கும்போது பாய்லரைப் போட்டு, அறை அறையாக நடந்து, எது முதலில் சூடேறுகிறது, எது கடைசி என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சூடேறிய பிறகு இன்னொரு சுற்று போய், ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலே, கீழே, நடுவே, இரண்டு ஓரங்களிலும் தொட்டுப் பாருங்கள். இந்த வேலைக்குக் கருவி எதுவும் வேண்டாம், எந்த வழி என்பதைப் பாதிக்கு மேல் இதுவே சொல்லிவிடும்.

மேல்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்று. கீழே நடுப்பகுதி மட்டும் குளிர்ந்து, மேல்பகுதியும் ஓரங்களும் சூடாக இருந்தால் கசடு. பக்கத்து அறையில் கொதிக்கும்போது ஒன்று மட்டும் முழுசாகக் குளிர்ந்து கிடந்தால் அதன் வால்வு மூடியிருக்கிறது அல்லது சிக்கியிருக்கிறது. பாய்லரை விட்டுத் தூரம் போகப் போகச் சூடு படிப்படியாகக் குறைந்தால் சமன் கெட்டிருக்கிறது, அல்லது பம்புக்குத் தெம்பில்லை.

மாடியில் சூடு, கீழ்த்தளம் முழுக்கக் குளிர் என்றால்தான் பம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். சூடான நீர் தானாகவே மேலேறும் என்பதால், பழைய அமைப்புகளில் பம்ப் நின்றபின்னும் மாடி ரேடியேட்டர்கள் கொஞ்சம் சூடாவது உண்டு. நேர்மாறாக, கீழே எல்லாம் சூடு, மாடி முழுக்கக் குளிர் என்றால் அமைப்பில் தண்ணீரே போதாமல் இருக்கலாம். மூடிய அமைப்பில் அழுத்தமானியைப் பாருங்கள்: ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்ட வேண்டும். மேலே சிறு தொட்டி வைத்த திறந்த அமைப்பாக இருந்தால், அந்தத் தொட்டி வற்றியிருக்கும், மிதவை வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுவது நல்லது. சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட் எந்த அறையில் இருக்கிறது? அது வேகமாகச் சூடேறும் அறையில் இருந்தால், கோடி அறைக்குச் சூடு போய்ச் சேரும் முன்பே "போதும்" என்று பாய்லரை நிறுத்திவிடும். அப்போது பம்ப், கசடு, வால்வு எதுவுமே குற்றவாளி இல்லை. அந்த அறையின் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைக் குறைத்தாலே மற்ற அறைகளுக்கு நேரம் கிடைத்துவிடும்.

காற்றும் சிக்கிய ஊசியும்

காற்றை வெளியேற்றுவது சின்ன வேலை. ஹீட்டிங்கை நிறுத்தி, ரேடியேட்டர் ஓரளவு ஆறியதும், மேல் ஓரத்தில் இருக்கும் சதுரத் திருகை அதற்கான சாவியால் கால் திருப்பு மட்டும் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று வரும், பிறகு துப்பித் துப்பி வரும், பிறகு தண்ணீர் சீராக வரும். அந்த நொடியில் மூடிவிட வேண்டும். அடியில் ஒரு துணி பிடித்துக்கொள்ளுங்கள், வருவது பெரும்பாலும் கறுப்புத் தண்ணீர். கம்பளத்தில் பட்டால் போகாது. முடித்ததும் அழுத்தத்தை மறுபடி பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

ஒரே ரேடியேட்டரில் சில வாரங்களுக்கு ஒருமுறை காற்று சேர்ந்துகொண்டே இருந்தால் அது வெறும் காற்றாக இல்லாமலும் போகலாம். உள்ளே இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. மேலே போய்த் தங்குவது அதுதான். எரியும் வாயு என்பதால் திருகுக்கு அருகில் நெருப்பு கூடவே கூடாது. இந்த நிலையில் திரும்பத் திரும்பக் காற்றை விடுவது வலியை மறைக்கும் மாத்திரைதான், நீங்கள் போக வேண்டியது கசடுப் பகுதிக்கு.

முழுசாகக் குளிர்ந்து கிடக்கும் ஒற்றை ரேடியேட்டருக்கு இதைவிடச் சுலபமான காரணம் இருக்கும். ரேடியேட்டரின் ஒரு முனையில், அறைச் சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் தானே கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும். அதன் தலையைக் கழற்றினால் நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் அழுத்தினால் அது சில மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும். கோடைக்காலம் முழுக்க மூடியே கிடந்தால் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் விடுபடும். குறட்டால் பிடித்து இழுக்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஊசி முழுசாகக் கையோடு வந்துவிட்டால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சும்.

வேகத்தைக் கூட்டுவதா, வால்வைக் குறைப்பதா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். பழைய பம்புகளில் மூன்று வேகத்துக்கான குமிழ் இருக்கும். 2-ல் இருப்பதை 3-க்குத் திருப்பினால் போதும், சில நொடி வேலை. கோடி ரேடியேட்டரும் கொஞ்சம் சூடேறும். அதனால்தான் பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

கணக்கு வேறு சொல்கிறது. 75 டிகிரியில் தண்ணீர் நுழைந்து 65 டிகிரியில் வெளியேறும் ரேடியேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம், அறை 20 டிகிரி. அதற்குள் ஓடும் தண்ணீரை இரண்டு மடங்காக்கினால் சூடு இரண்டு மடங்காகுமா? ஆகாது, சுமார் 6 சதவீதம்தான் கூடும். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால்? சுமார் 10 சதவீதம்தான் குறையும். ஆனால் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டால் சூடு பாதிக்கும் கீழே விழுந்துவிடும். ஆக, தாராளமாகத் தண்ணீர் குடிக்கும் பக்கத்து ரேடியேட்டர்களிடமிருந்து பாதியைப் பிடுங்கினாலும் அந்த அறைகளில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதே தண்ணீர் கோடி அறைக்குப் போனால் அங்கே நிலைமையே மாறிவிடும். சமன் செய்தல் என்பது இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கும் வேலை.

பம்ப் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். அதே குழாய்களில் இரண்டு மடங்கு தண்ணீரைத் தள்ள நான்கு மடங்கு அழுத்தமும், சுமார் எட்டு மடங்கு சக்தியும் வேண்டும். வேகத்தைக் கூட்டும்போது கூடுதல் தண்ணீரில் பெரும்பங்கு ஏற்கெனவே தாராளமாக ஓடும் சுலபமான பாதையிலேயே போகிறது. கோடி அறைக்கு மிச்சம்தான். போதாக்குறைக்கு வால்வுகளில் சீட்டியடிக்கும் ஓசை. திறந்த அமைப்பாக இருந்தால், வேகம் கூடியதும் மேலே தொட்டிக்குள் தண்ணீரைத் தள்ளவோ, காற்றை உள்ளே இழுக்கவோ தொடங்கும் ஆபத்தும் உண்டு. அப்படி இழுத்த காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பை அரித்துக் கசடை வளர்க்கும்.

கண்டென்சிங் பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பாய்லர் புகையில் இருக்கும் நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பிடிக்கும். பம்பை விரட்டினால் தண்ணீர் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய சேமிப்பு புகைபோக்கி வழியே போய்விடும்.

சரி, சமன் செய்வது எப்படி? ரேடியேட்டரின் ஒரு முனையில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும். மறுமுனையில் பிளாஸ்டிக் மூடி போட்ட, கையால் திருப்ப முடியாத ஒன்று இருக்கும். அதுதான் லாக்ஷீல்டு வால்வு. முதலில் எல்லா லாக்ஷீல்டுகளையும் முழுசாகத் திறந்து, தெர்மோஸ்டாட் தலைகளைக் கழற்றி வைத்து, ஆறிய நிலையிலிருந்து பாய்லரைப் போடுங்கள். முன்பு குறித்த வரிசைப் பட்டியலை இப்போது மறுபடி எடுக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் திறந்தபின் அது மாறியிருக்கலாம். வரிசையில் முதலில் சூடேறும் ரேடியேட்டரின் லாக்ஷீல்டை முழுசாக மூடி, கால் திருப்பு மட்டும் திறங்கள். அடுத்ததற்குக் கொஞ்சம் கூடுதல். கடைசி ரேடியேட்டர் முழுசாகத் திறந்தே இருக்கட்டும்.

கால் திருப்பு என்றால் மிகக் குறைவாகத் தோன்றும். அந்த வால்வுகளின் குணம் அப்படி: முதல் அரைத் திருப்புக்குள்ளேயே பெரும்பாலான மாற்றம் நடந்துவிடும், அதற்கப்புறம் எத்தனை சுற்றுத் திறந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தேவையான தண்ணீரும் அவ்வளவு கொஞ்சம்தான். 1.5 கிலோவாட் ரேடியேட்டர் ஒன்றுக்கு, நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால், நிமிடத்துக்கு ஒரு லிட்டரைவிடச் சற்றே அதிகமாகப் போனால் போதும்.

அப்புறம் இரண்டு குழாய்களிலும் வெப்பமானி மாட்டி, நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பழைய வகைப் பாய்லருக்கு 10, 11 டிகிரி, கண்டென்சிங் வகைக்கு 20 டிகிரி வரை என்பது வழக்கமான இலக்கு. எல்லா ரேடியேட்டரிலும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம் வந்தால் வேலை முடிந்தது. துல்லியத்துக்காக உயிரை விட வேண்டாம், இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஒவ்வொரு திருப்புக்கும் பிறகு கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் ஒரு விடுமுறை நாளின் பெரும்பகுதி போய்விடும். இந்த வழியின் ஒரே விலை அதுதான். கடைசியில் ஒவ்வொரு வால்வும் எத்தனை திருப்பு திறந்திருக்கிறது என்று எழுதி, பாய்லர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பின்னாளில் பெயின்ட் அடிக்க ரேடியேட்டரைக் கழற்றும் ஆள் வால்வைத் திருகிவிட்டுப் போனால் அந்தத் தாள் கை கொடுக்கும்.

ஒரே குழாய் எல்லா ரேடியேட்டரையும் தொட்டுக்கொண்டு வளையமாகப் போகும் பழைய அமைப்புகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அங்கே கோடி ரேடியேட்டருக்கு வருவதே ஆறிய தண்ணீர்தான். அதைப் பெரிய ரேடியேட்டராக மாற்றுவது பலன் தரும். பம்பின் வேகத்தைக் கூட்டுவதற்கு நியாயம் இருக்கும் ஒரு சில இடங்களில் இதுவும் ஒன்று.

கசடு என்றால் மூன்று வழி

ரேடியேட்டரின் எஃகு அரித்து உண்டாகும் கறுப்புத் தூளுக்கு மேக்னடைட் என்று பெயர். தண்ணீரைவிட ஐந்து மடங்கு கனம், அதனால் ஓட்டம் மந்தமான இடம் பார்த்துப் படியும்: ரேடியேட்டரின் அடிப்பாகம், குழாய்களின் கிளைச்சந்தி, பம்பின் வயிறு. அது காந்தத்தில் ஒட்டும் என்பது நமக்கு ஒரு வசதி. செம்பில் காந்தம் ஒட்டாது. ஆகவே ஒரு சிறு காந்தத்தைச் செம்புக் குழாயில் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் கையை விட்டாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ, அந்த இடத்தில் உள்ளே கசடு கெட்டிப்பட்டிருக்கிறது. திறந்த அமைப்பில் மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் பிரதானக் குழாயோடு சேரும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள், அடைப்புக்குப் பேர்போன மூலை அது.

ஒன்றிரண்டு ரேடியேட்டர்களில் மட்டும் அடிப்பாகம் குளிர்ந்திருந்தால் என் ஓட்டு அவற்றைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயால் அலசுவதற்குத்தான். இரண்டு வால்வுகளையும் மூடி, லாக்ஷீல்டு எத்தனை திருப்பு என்று குறித்து, தட்டு வைத்து வடித்து, வாய்களைத் துணியால் அடைத்துத் தூக்க வேண்டும். வடித்த பின்னும் ரேடியேட்டர் ஒரு ஆளுக்கு அதிகமான கனமாக இருக்கலாம், துணைக்கு ஒருவர் வேண்டும். வெளியே சாய்த்து, ஒரு முனையில் நீரைப் பாய்ச்சி, ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் மை மாதிரி கொட்டும். அந்த ரேடியேட்டருக்கு இதைவிட முழுமையான சுத்தம் எந்த இயந்திரத்தாலும் கிடைக்காது.

பல ரேடியேட்டர்களில் அதே கதை என்றால் ரசாயனம். சுத்தம் செய்யும் திரவத்தை அமைப்புக்குள் ஊற்றி, லேபிளில் சொன்ன காலம் வரை, சிலவற்றுக்குச் சில மணி நேரம், சிலவற்றுக்குச் சில நாள், ஹீட்டிங்கை வழக்கம்போல் ஓடவிட்டு, பிறகு முழுசாக வடித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசுவது. மலிவு, பழைய குழாய்களுக்கு அதிகம் வலிக்காது. குறை என்னவென்றால் இந்தத் திரவத்தைச் சுற்றிவர வைப்பதும் அதே பம்ப்தான். பம்ப் ஏற்கெனவே தள்ளாடினால், கசடு கெட்டியான இடத்துக்குத் திரவம் போகவே போகாது.

பவர் ஃப்ளஷ் எனப்படும் மூன்றாவது வழியில் வெளியிலிருந்து ஒரு பெரிய பம்பைக் கொண்டுவந்து இணைத்து, தண்ணீரை வேகமாகவும், திசை மாற்றி மாற்றியும் ஓடவிடுகிறார்கள். ஒவ்வொரு ரேடியேட்டராகத் தனித்தனியே அலசினால் நன்றாகவே வேலை செய்யும். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வைத்து ஓடவிட்டால் தண்ணீர் சுலபமான பாதையில் போய்விட்டுத் திரும்பும், அடைபட்டது அடைபட்டே கிடக்கும். ஆள் வைத்துச் செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய்கள் முழுசாக அடைத்திருந்தால் இதுவும் தோற்கலாம், அந்தக் குழாயை மாற்றிவிடுவதே மலிவாக முடியும். அரித்து மெலிந்துபோன பழைய ரேடியேட்டர்களில், ஓட்டைகளை அதுவரை அடைத்துக்கொண்டிருந்ததே கசடாக இருக்கும். அலசியதும் ஒழுகத் தொடங்கும்.

எந்த வழியில் போனாலும் முடிவில் அரிப்புத் தடுப்பு மருந்தான இன்ஹிபிட்டரை ஊற்ற வேண்டும், பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றை மாட்ட வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு அலசினால் சில வருடத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். அடிக்கடி அழுத்தம் குறைந்து தண்ணீர் நிரப்பும் வீடுகளில் அதற்கும் முன்பே. ஒவ்வொரு முறை புதுத் தண்ணீர் நிரப்பும்போதும் புது ஆக்சிஜனும் உள்ளே போகிறது. சூட்டில் 3 பார் வரை ஏறி, ஆறியதும் பூஜ்யத்துக்கு இறங்கும் அழுத்தம் பெரும்பாலும், சூடேறி விரியும் நீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக் கலம் காற்றிழந்ததன் அறிகுறி. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். மறுநாள் நீங்கள் நிரப்புவீர்கள். முதலில் அதைச் சரிசெய்யாமல் இன்ஹிபிட்டர் ஊற்றுவது வீண்.

பம்ப்: உசுப்புவதா, மாற்றுவதா

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை, எல்லாமே மந்தம் அல்லது எல்லாமே குளிர் என்றால் பம்ப் பக்கம் வரலாம். முதலில் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரின் பாதையைத் திறந்து மூடும் மோட்டார் வால்வின் உள் சுவிட்ச் பழுதானாலோ, கட்டுப்பாட்டுப் பெட்டியில் கோளாறு இருந்தாலோ பம்புக்கு மின்சாரமே போகாது. புதுப் பம்ப் மாட்டினாலும் அது சும்மாதான் இருக்கும். மின் அளவி பிடிக்கப் பழகாதவர்கள் இந்த இடத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம்.

மின்சாரம் வருகிறது, பம்ப் சூடாக இருக்கிறது, முனகுகிறது, ஆனால் சுழலவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்: ஓடும் பம்பில் சீரான இரைச்சலும், சிக்கிய பம்பில் வெறும் ரீங்காரமும் கேட்கும். கோடையில் மாதக்கணக்கில் நின்ற பம்ப், பனிக்காலத்தின் முதல் நாளில் இப்படி அடம்பிடிப்பது சகஜம். பழைய வகையாக இருந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டு, முகப்பின் நடுவில் இருக்கும் பெரிய திருகைக் கழற்றுங்கள். கொஞ்சம் தண்ணீர் வடியும், சூடாக இருக்கலாம், மின் இணைப்புப் பெட்டியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரியும் தண்டின் முனையிலுள்ள பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினால் முதலில் இறுகி, பிறகு விட்டுக்கொடுக்கும். புது வகைகள் பலவற்றில் அந்தத் திருகே கிடையாது, சிக்கினால் அதன் மின்னணுவே தட்டி உசுப்பப் பார்க்கும்.

தண்டு கையால் சுலபமாகச் சுற்றுகிறது, ஆனாலும் தானாகத் தொடங்கவில்லை என்றால் கபாசிட்டர் போயிருக்கலாம். சின்ன, மலிவான பாகம். தண்டு கரகரவென்று உரசினாலோ, உடலிலிருந்து நீர் கசிந்தாலோ, உசுப்பிய பின்னும் சில வாரத்தில் மறுபடி நின்றாலோ பழுதுக்குச் செலவழிப்பது வீண். இந்தப் பம்புகளுக்கு உள்ளே ஓடும் தண்ணீரே உயவும் குளிர்ச்சியும். தண்ணீர் இல்லாமலோ, காற்றோடு கலந்தோ ஓடியிருந்தால் தாங்கிகள் (பேரிங்குகள்) தேய்ந்திருக்கும், அதைத் தனியே மாற்றுவது வீட்டுப் பம்புக்குக் கட்டுப்படியாகாது.

பம்ப் ஓடுகிறது, ஆனால் தெம்பில்லை என்ற சந்தேகம் இருந்தால் பாய்லரிலிருந்து கிளம்பும் குழாயையும் திரும்பும் குழாயையும் பாருங்கள். கிளம்புவது கொதித்து, திரும்புவது நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, பாய்லர் அடிக்கடி அணைந்து அணைந்து எரிந்தால் ஓட்டம் குறைவு. அதற்குப் பம்பும் காரணமாகலாம், அடைப்பும் காரணமாகலாம். ஒன்றைத் தவிர மற்ற எல்லா ரேடியேட்டரையும் மூடிவிட்டுப் பாருங்கள். திறந்திருக்கும் அந்த ஒன்று, கோடியில் இருப்பதே ஆனாலும், மளமளவென்று சூடேறினால் பம்புக்கு உயிர் இருக்கிறது. நீங்கள் சமன் செய்யும் பகுதிக்குத் திரும்பலாம்.

வாங்குவது என்று முடிவானால்

வேகம் தானாக மாறாத பழைய பம்பா, அழுத்தத்துக்கேற்பத் தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும் புதியதா என்ற கேள்வி பல இடங்களில் இப்போது எழுவதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் அமலான மின்திறன் விதிகள் பழைய வகையைக் கடைகளிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றிவிட்டன. மின்செலவில் வித்தியாசம் நிஜமானது: பழையது 60 வாட் இழுத்த இடத்தில் புதியது 20 வாட்டில் ஓடினால், வருடத்துக்கு 2,000 மணி நேரக் கணக்கில் 80 யூனிட் மிச்சம். ஆனால் நன்றாக ஓடும் பம்பைக் கழற்றிப் போட அது மட்டும் போதாது.

புதிய வகையின் பலவீனம் ஒன்றைக் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார். அதன் சுழலியில் நிலைக்காந்தம் இருக்கிறது. மேக்னடைட் தூள் மிதக்கும் தண்ணீரில் அதை மாட்டினால் தூளைத் தானே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். பழைய பம்ப் வருடக்கணக்கில் சமாளித்த அழுக்கில் புதியது சீக்கிரம் சிக்கிவிடும். கசடுள்ள அமைப்பில் பம்பை மட்டும் மாற்றுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அலசல், காந்த வடிகட்டி, பம்ப் மூன்றும் சேர்ந்தே நடக்கட்டும். முடியாது என்றால் அலசலை முதலில் செய்து, பழைய பம்பையே ஓட்டுங்கள்.

அளவில் தவறக்கூடாது. பம்பின் மேல் 25-60 என்று இருந்தால் முதல் எண் குழாய் அளவு, இரண்டாவது அதிகபட்சம் 6 மீட்டர் வரை தள்ளும் திறன். வீட்டுப் பம்புகளின் உடல் நீளம் பெரும்பாலும் 130 அல்லது 180 மில்லிமீட்டர். தள்ளும் திறன் பழையதைவிடக் கூடுதலாக எதற்கும் இருக்கட்டும் என்று வாங்க வேண்டாம். பொருத்தும்போது அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும், தண்டு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் தாங்கிகளில் காற்று தங்கிவிடும். இருபுறமும் உள்ள அடைப்பு வால்வுகள் பல வருடம் அசையாமல் இருந்தவை என்றால் அவற்றை நம்பி இறங்காமல், அமைப்பை வடித்துவிட்டு, அவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இரண்டு குழாய் அமைப்பும், பெரும்பாலான ரேடியேட்டரில் தெர்மோஸ்டாட் வால்வும் இருந்தால் புதுப் பம்பை, ஓட்டத்துக்கு ஏற்ப அழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளும் முறையில் வையுங்கள். தரைக்கடிச் சூடாக்கலுக்கு மாறா அழுத்தமும், ஒரே குழாய் வளையத்துக்கு மாறா வேகமும் பொருத்தம். கோடி ரேடியேட்டர் மட்டும் மறுபடி மந்தமானால், அந்த முறையில் அடுத்த படிக்கு ஏற்றும் முன் லாக்ஷீல்டுகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பம்ப் பாய்லருக்குள்ளேயே இருக்கும் வகை என்றால் இதில் பாதிக்கு மேல் உங்கள் கையில் இல்லை. பாய்லரின் மாதிரி எண்ணுக்கு உரிய பம்பைத்தான் போட வேண்டும், கேஸ் பாய்லரின் மூடிய உறையைத் திறப்பது உரிமம் பெற்றவரின் வேலை. அவர் வரும்போது ரேடியேட்டர்கள் சூடேறிய வரிசையும், அழுத்த அளவும், காந்தம் ஒட்டிய இடங்களும் எழுதிய தாளை முதலில் கையில் கொடுத்துவிடுங்கள்.